எண்ணெய் சிகிச்சைக்குப் போகும்போது என்ன உடுத்திக்கொள்வது?

இடுப்பு வலி இடது காலுக்கு இறங்குகிறது, பாலக்காட்டுப் பக்கம் ஓர் ஆயுர்வேத மருத்துவமனையில் 14 நாள் தங்கி அப்யங்கம் (உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பது), கிழி, கடிவஸ்தி செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், எத்தனை நைட்டி எடுத்துப் போகட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மெய்யான கவலை கடைசி வரியில் இருக்கிறது: "உள்ளாடையையும் கழற்றச் சொல்வார்களா? முடியாது என்று சொன்னால் சிகிச்சை பலிக்காமல் போய்விடுமா?" நைட்டிக்குப் பதில் எளிது, பழசாக நான்கு போதும். மற்ற இரண்டுக்கும் சேர்த்து முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆமாம், பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள். நீங்கள் மறுக்கலாம். மறுத்ததனால் சிகிச்சை வீணாகாது.

நான் ஆயுர்வேதம் படித்தவள். கோவையில் ஒரு மருத்துவமனையின் பெண்கள் சிகிச்சைப் பிரிவைப் பல வருடங்கள் பார்த்துக்கொண்டேன். முதல் நாள் வரும் பெண்களில் பெரும்பாலானோருக்கு வலியைவிட இந்தத் தயக்கம்தான் பெரிதாக இருக்கும். டாக்டரிடம் கேட்கக் கூச்சம், வீட்டில் கேட்டால் "போனால் அவர்களே சொல்வார்கள்" என்ற பதில். அங்கே போய் நின்ற பிறகு, கையில் ஒரு முழத் துணியைக் கொடுத்து "மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்றால் எவருக்கும் திக்கென்றுதான் இருக்கும். ஆகவே அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்பதை முதலில் வரிசையாகச் சொல்கிறேன்.

அறையில் நீண்ட மரத்தோணி ஒன்று இருக்கும். சுற்றிலும் விளிம்பு உயர்ந்து, வழியும் எண்ணெய் ஓரிடத்தில் சேர்வதற்கு வாட்டம் வைத்துச் செய்திருப்பார்கள். பக்கத்தில் அடுப்பு, எண்ணெய்ப் பாத்திரம், உட்கார ஒரு முக்காலி. உங்களுக்குச் சிகிச்சை செய்பவர்கள் பெண்களாகத்தான் இருப்பார்கள். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பது கேரள ஆயுர்வேத மருத்துவமனைகளில் ஊறிப்போன வழக்கம். அப்யங்கத்துக்குச் சில இடங்களில் ஒருவர், பல இடங்களில் இருவர். இருவர் என்றால் தோணிக்கு இரு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் கை ஓட்டுவார்கள். மாற்றிக்கொள்ளும்போது இடுப்பில் நாடா கட்டி, முன்னும் பின்னும் செருகும் கோவணம் தருவார்கள். முன்பு பருத்தித் துணி, இப்போது பல இடங்களில் ஒருமுறை உடுத்தி எறியும் மெல்லிய வெள்ளைத் துணி. அதன் மேல் ஒரு தோர்த்தோ (மெல்லிய துண்டு) முண்டோ (வேட்டி) சுற்றிக்கொள்வீர்கள். முக்காலியில் உட்காரவைத்துத் தலை, கழுத்து, தோள். அது முடிந்து தோணியில் மல்லாந்து, ஒருக்களித்து, குப்புறப் படுத்து என்று நிலை மாறும். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். மேலே சுற்றிய துணி எப்போது விலகும், எவ்வளவு விலகும் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். சில இடங்களில் மார்புக்குத் துணி போட்டே வைப்பார்கள். சில இடங்களில், குறிப்பாகப் பழைய முறையில் பழகிய அம்மாக்கள், கேட்காமலே எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு அது குழந்தையைக் குளிப்பாட்டுவது போல. உங்களுக்கு அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஏன் கழற்றச் சொல்கிறார்கள் என்பதற்குச் சரியான காரணங்கள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொண்டால் எதை விட்டுக்கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவெடுக்கலாம். உங்கள் வலி இடுப்பின் கீழிருந்து புட்டத்தின் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்குகிறது. கை ஓட வேண்டிய பாதையும் அதுதான். சாதாரண உள்ளாடையின் இலாஸ்டிக் பட்டி சரியாக அந்தப் பாதையின் குறுக்கே உட்காரும். கை வந்து வந்து அங்கே தடுக்கும், அல்லது பட்டிக்கு மேலே பாதி, கீழே பாதி என்று வேலை துண்டாகும். கோவணத்தின் நாடா மெலிசானது, தளர்த்தலாம், சற்று இறக்கலாம். இது மறுக்க முடியாத காரணம். பிராவின் கதை வேறு. உங்களுக்குத் தோளிலோ மேல்முதுகிலோ பிரச்சினை இல்லை, ஆகவே அது பெரிய இடைஞ்சல் இல்லை. கொக்கியைக் கழற்றிப் பட்டைகளைத் தோளிலிருந்து இறக்கிவிட்டால் முதுகு முழுக்கக் கை ஓடும். எண்ணெய் அதைத் தின்றுவிடும் என்பதால் பழைய பருத்தி பிராக்கள் இரண்டு மூன்றை இதற்கென்றே ஒதுக்கி எடுத்துப் போங்கள். திரும்பி வரும்போது தூக்கிப் போடலாம்.

அதைவிட நல்ல வழி, நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் வழி: குறுக்குப் பாவாடை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதும் ஆற்றில் இறங்கும்போதும் நம் அம்மாக்கள் மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டார்களே, அதுதான். பழைய பருத்திப் பாவாடை ஒன்றைக் கொண்டுபோய் அப்படிக் கட்டிக்கொள்ளுங்கள், உள்ளே கோவணம் இருக்கட்டும். குப்புறப் படுத்த பின் நாடாவைத் தளர்த்திப் பாவாடையை மொத்தமாக இடுப்புக்குக் கீழே இறக்கலாம். கால் செய்யும்போது கீழிருந்து சுருட்டி மேலே ஏற்றலாம். மல்லாந்து படுக்கும்போது மார்பின் மேல் அப்படியே இருக்கும். என்னிடம் வந்தவர்களில் தயக்கம் அதிகமானவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். தெரபிஸ்டுகளுக்கு வேலை கொஞ்சம் கூடும், நேரமும் சற்று ஆகும். நல்ல தெரபிஸ்ட் முகம் சுளிக்க மாட்டார்.

கிழி என்று வரும்போது மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன், ஏனென்றால் அங்கே சூடு இருக்கிறது. இலைக்கிழியோ பொடிக்கிழியோ, துணியில் கட்டிய மூட்டையைச் சூடான எண்ணெயில் தோய்த்து, சூடு பொறுக்குமா என்று கையில் வைத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ஒற்றி எடுப்பார்கள். வெறும் தோலில் அந்தச் சூடு பட்டு, பரவி, அடுத்த நொடியே தணியத் தொடங்கும். இறுக்கமான உள்ளாடைக்குள் எண்ணெய் ஊறிவிட்டால் சூடு அங்கேயே பிடித்து நிற்கும், நீங்கள் "சுடுகிறது" என்று சொல்லிப் பட்டியை விலக்குவதற்குள் தோல் சிவந்துவிடும். நைலான், பாலியஸ்டர், லேஸ் எதுவும் வேண்டாம். தளர்ந்த பருத்தி மட்டும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். பிழிச்சில் என்றால் துணியைத் தோய்த்துப் பிழிந்து உடம்பு முழுக்க வெதுவெதுப்பாக எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அதில் எந்தத் துணியும் தப்பாது. உங்களுக்கு அது எழுதப்படவில்லை.

கடிவஸ்திக்கு இந்தக் கவலையே வேண்டாம். உளுந்து மாவைப் பிசைந்து கீழ்முதுகில் வட்டமாக வரப்புக் கட்டி, அதற்குள் சூடான எண்ணெயை நிறுத்திவைப்பதுதான் அது. ஒரு கையகல இடம் திறந்திருந்தால் போதும். நைட்டி போட்டுப் போனால் முழுவதையும் மேலே ஏற்ற வேண்டிவரும். மேலே சட்டையும் கீழே பாவாடையும் என்று இரண்டு துண்டாகப் போங்கள். நெற்றியில் எண்ணெய் ஒழுக்கும் சிரோதாரைக்கும் உடம்புத் துணியைத் தொட அவசியமில்லை. பல இடங்களில் அப்யங்கம் முடிந்த கையோடு அதையும் செய்வதால் அதே கோலத்தில் படுத்திருப்பீர்கள், அவ்வளவுதான். போர்வை கேளுங்கள், தருவார்கள்.

நகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம்மூர்ப் பெண்கள் எல்லோரும் அறை வாசலில் கேட்பது இதுதான். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. தங்கச் சரடு என்றால் கண்ணிகளில் எண்ணெயும் பொடியும் ஏறி நாற்றமடிக்கும், ஆகவே 14 நாளைக்கு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு போவது நல்லது. குப்புறப் படுக்கும்போது அதைப் பக்கவாட்டில் ஒதுக்கிவைப்பார்கள். வளையல், மோதிரம், கொலுசு, கழுத்துச் செயின் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எண்ணெய்க் கையில் மோதிரம் நழுவி வடிகாலில் போனதும் உண்டு, கொலுசு முகப்பு தோணி விளிம்பில் மாட்டிக் கணுக்கால் கிழிந்ததும் உண்டு. இறுக்கமான மெட்டி கழலாது என்றால் இருக்கட்டும்.

இனி "பலிக்காமல் போகுமா" என்ற கேள்வி. இதில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆயுர்வேதத்தின் பழைய நூலான சுசுருத சம்ஹிதைக்கு உரை எழுதிய டல்ஹணர், தேய்த்த எண்ணெய் 300 மாத்திரைப் பொழுதில் மயிர்க்கால்களையும், 400-ல் தோலையும், 500-ல் இரத்தத்தையும் எட்டி, அப்படியே இறங்கி 900-ல் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைச் சேரும் என்கிறார். மாத்திரை என்பது நம் இலக்கண வகுப்பில் படித்த கண்ணிமைப் பொழுதுதான். துணி இருந்தால் இந்தப் பயணம் தடைப்படும், ஆகவே முழுக்கக் கழற்ற வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். இன்றைய கருவிகளால் தோலைப் பார்த்தவர்கள் கண்டது வேறு: தாவர எண்ணெய்கள் பெரும்பாலும் தோலின் மேல் அடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. எண்ணெய் எலும்புவரை போகும் என்று நான் நோயாளிகளிடம் சொல்வதில்லை. சூடு, அழுத்தம், தசை தளர்வது, ஒரு மணி நேரம் ஒருவர் அக்கறையாகக் கவனிப்பது, இவற்றால் வலி குறைவதைத் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். இவை எதையும் மார்பின் மேல் கிடக்கும் ஒரு துணி கெடுக்காது. மாறாக, கூச்சத்தில் உடம்பை விறைத்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு என்ன தேய்த்தாலும் தசை இளகாது. அதை என் கையாலேயே உணர்ந்திருக்கிறேன். உங்களுக்கு நிம்மதி தரும் அளவு துணி, உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எங்கே சொல்வது என்பதும் முக்கியம். தோணியின் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள். அங்கே தெரபிஸ்ட் தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்பவர், அவரால் முடிவெடுக்க முடியாமல் போகலாம். முதல் நாள் மருத்துவர் பரிசோதிக்கும்போது, "எனக்கு மார்புப் பகுதி மூடியே இருக்க வேண்டும், வயிற்றுக்கும் மார்புக்கும் தேய்க்க வேண்டாம், சீட்டில் எழுதிவிடுங்கள்" என்று சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால் ஆள் மாறினாலும் மறுபடி விளக்க வேண்டிவராது. மார்பகத்தைத் தேய்ப்பது இடுப்பு வலிக்கான சிகிச்சை இல்லை, கேட்காமல் யாரும் அங்கே கை வைக்கத் தேவையும் இல்லை. பாலக்காட்டில் தமிழ் பெரும்பாலோருக்குப் புரியும், தயங்காமல் பேசுங்கள். கூட மகளோ அக்காவோ அறையில் இருக்கலாமா என்று கேட்பதிலும் தவறில்லை. சரியான காரணம் சொல்லாமல் மறுக்கும் இடம் என்றால் எனக்கு அந்த இடம் பிடிக்காது.

அறையில் கேமரா இருக்கிறதா என்றும் நேரடியாகக் கேளுங்கள். இது வீண் சந்தேகம் இல்லை. 2021 இறுதியில் மசாஜ் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். சில வாரங்களிலேயே, 2022 ஜனவரியில், மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, அந்த அறைக்குள் கேமரா வைப்பது ஒருவரின் உடல் சார்ந்த அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றார். அந்த விவாதம் தமிழ்நாட்டு மசாஜ் நிலையங்களைப் பற்றியது, நீங்கள் போவது கேரள மருத்துவமனைக்கு. ஆனால் ஒரு பெண் உடை மாற்றும்போது அவளுக்குத் தெரியாமல் படமெடுப்பது நாடு முழுக்கக் குற்றம், இப்போது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் இருக்கிறது. தெரபிஸ்டின் கைபேசியும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

சுத்தத்தில் கறாராக இருங்கள். கோவணம், தோர்த்து, தோணியில் விரிக்கும் துணி எதுவும் இன்னொருவர் பயன்படுத்தியதாக இருக்கக் கூடாது. படர்தாமரை இப்போது எங்கு பார்த்தாலும் இருக்கிறது, எண்ணெயும் ஈரமும் சேர்ந்த துணியில் அது ஒட்டிக்கொண்டு வரும். கோவணத் துணியை வீட்டிலேயே பழைய வேட்டியில் கிழித்து 14 துண்டு எடுத்துப் போனால் அந்தக் கவலை விட்டது. உங்களுக்கே தொடையிடுக்கில் அரிப்போ தடிப்போ இருந்தால் மறைக்காதீர்கள், மருத்துவர் அதற்கேற்ப மாற்றுவார். ரோமத்தை மழிக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். மழித்த மறுநாள் சூடான எண்ணெயும் பொடியும் பட்டால் எரிச்சல்தான் மிச்சம், அங்கே யாரும் அதைக் கவனிப்பதும் இல்லை. மாதவிலக்கு நாட்களில் பெரும்பாலான இடங்களில் சிகிச்சையை நிறுத்திவைப்பார்கள், அதனால் தேதியைக் கணக்குப் பார்த்துச் சேருங்கள். இல்லாவிட்டால் 14 நாள் 18 நாளாகும்.

முடிந்து அறைக்குத் திரும்புவதற்குத்தான் நைட்டி. அடர்ந்த நிறம், பருத்தி, முன்பக்கம் திறப்பது. எண்ணெய்த் தலையோடு தலைவழியாக மாட்டுவது பெரும்பாடு. தலையில் கட்ட ஒரு துண்டு. வழுக்காத ரப்பர் செருப்பு, இதை மறக்கவே வேண்டாம். எண்ணெய்க் காலோடு ஓடு பதித்த தரையில் நடந்து விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், இடுப்பு வலியோடு வந்தவர் இடுப்பொடிந்து போகக் கூடாது. துணி துவைப்பதில் ஒரு எச்சரிக்கை. எண்ணெய்த் துணியை நனைப்பதற்கு முன்பே பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தடவி ஊறவைத்து, பிறகு சுடுநீரில் அலசுங்கள். சரியாகப் போகாத துணியை உலர்த்தும் இயந்திரத்தில் போடுவதோ, சூட்டோடு மடித்துக் குவித்து வைப்பதோ கூடாது. நல்லெண்ணெய் போன்றவை காற்றோடு சேரும்போது தானே சூட்டை வெளியிடும், குவியலின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீப்பொறியே இல்லாமல் துணி பற்றிக்கொள்ளும். மசாஜ் துண்டுகளால் சலவை அறைகள் எரிந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வெயிலில் விரித்துக் காயப்போடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்கிறேன். இது எண்ணெய் சிகிச்சைக்கான கணக்கு, எல்லா மசாஜுக்கும் பொருந்தாது. தாய்லாந்து முறையில் எண்ணெயே கிடையாது. தொளதொளப்பான பருத்திச் சட்டையும் கால்சட்டையும் அவர்களே கொடுத்து, தரையில் மெத்தை விரித்து, இழுத்து அழுத்திச் செய்வார்கள். 2019-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை அது. ஜப்பானிய ஷியாட்சு மசாஜும் உடையோடுதான். ஹோட்டல் ஸ்பாக்களில் செய்யும் சுவீடிஷ் மசாஜில் உடையைக் களைந்து விரிப்புக்குள் படுத்தாலும், எந்த இடத்தில் வேலையோ அந்த இடத்தை மட்டும் திறந்து, முடிந்ததும் மூடிவிடுவதுதான் முறை. அந்த மூடும் பழக்கத்தை நம் ஆயுர்வேத மருத்துவமனைகளும் எடுத்துக்கொண்டால் மிகவும் நன்றாக இருக்கும் என்பது என் நெடுநாள் ஆசை. சித்த மருத்துவத்தின் மசாஜ் முறையான தொக்கணத்துக்கு நான் மேலே சொன்னவை ஏறக்குறைய பொருந்தும். ஆண்களுக்கும் கோவணம்தான், அவர்களுக்கும் கூச்சம் உண்டு, அவர்களும் கேட்கலாம். ஆனால் ஆண்கள் பிரிவில் நான் வேலை செய்ததில்லை.

கடைசியாக, உங்கள் இடுப்பைப் பார்க்காமல் இந்தச் சிகிச்சை உங்களுக்குச் சரியா என்று என்னால் சொல்ல முடியாது. வலி காலுக்கு இறங்குவதாக எழுதியிருப்பதால் சிலவற்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் மரத்துப் போகிறதா? சிறுநீர் வருவது தெரியாமலோ, வராமலோ இருக்கிறதா? பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுகிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால் பாலக்காட்டுப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே எலும்பு அல்லது நரம்பு மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படித்தான், இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும்வரை அந்தக் காலை யாரும் தேய்க்கக் கூடாது.